பட்டுக்கோட்டையிலிருந்து வராத கட்டு

அத்தியாயம் 5

தஞ்சாவூரில் கருக்கரிவாளை எதில் சுற்றினாலும் மறைக்க முடியாது. நடக்கப் பழகும்போதே அந்த வளைவைப் பார்த்து வளர்ந்த ஊர். கோர்ட்டுக்கு எதிர்ச் சாரியில் புங்க மரத்தடியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு துண்டு மூட்டை. அதற்குள் இருப்பது சோறு இல்லை என்பதை வேம்பு சைக்கிள் கடை மாடியிலிருந்தே கண்டுகொண்டாள்.

"பாய், எதிர்ல ஒரு அறுவடை நடக்கப் போவுது. பங்குனியில அறுக்க என்ன இருக்குன்னுதான் புரியல."

அஹமது கபீர் வெற்றிலையை மடித்தபடியே எட்டிப் பார்த்தார். இருபது வருஷம் கோர்ட் அமீனாவாக இருந்தவர் அவர். தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ குடிசைகளின் வாசலில் போய் நின்றிருக்கிறார். ஒருநாள் ஒரு வீட்டுக்காரி அடுப்பில் வெந்துகொண்டிருந்த சோற்றோடு பானையைத் தூக்கி அவர் கையில் கொடுத்து, "இதையும் ஜப்தி பண்ணிக்கங்க" என்றாள். மறுநாளே வேலையை விட்டுவிட்டு, மாடியில் 'கபீர் துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டினார். பலகையைப் பார்த்து ஊர் சிரித்தது. இப்போது ரகசியமாக மாடி ஏறி வருவதும் அதே ஊர்தான்.

வேம்பு அவருடைய உதவியாளர். முப்பத்தெட்டு வயது. அதற்கு முன் பதினைந்து வருஷம் கோர்ட் வாசலில் தட்டச்சு மிஷினோடு உட்கார்ந்து, அடுத்தவர் நிலம் பறிபோகிற காகிதங்களை மூன்று நகல்களாக அடித்துக் கொடுத்தவள். அடித்தது கை. கசப்பு இறங்கியது நாக்கில்.

"அந்தம்மா வக்கீல் செல்லதுரை ஆபீஸ் வாசலையே பாக்குது," என்றார் கபீர். "கூட்டிட்டு வா. மெதுவா."

வேம்பு இறங்கிப் போய் அவள் பக்கத்தில் குந்தினாள்.

"யாருக்கக்கா காத்திருக்கீங்க?"

"குமாஸ்தா அரசப்பனுக்கு."

"அவரு டீ குடிக்க வெளில வர பதினொரு மணி ஆகும். அதுவரைக்கும் மேல வந்து நெழல்ல உக்காருங்க. வெயில்ல இரும்பு சூடாயிடும்."

அந்த அம்மாள் வேம்புவை ஏற இறங்கப் பார்த்தாள். மறைக்க இனி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் எழுந்து பின்னாலேயே வந்துவிட்டாள்.

அவள் பெயர் அம்சவல்லி. பட்டுக்கோட்டைக்கு மேற்கே ஒரு வாய்க்கால்கரை ஊர். தண்ணீர் குடிக்கச் சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டு, அழாமல், குரல் உயராமல் சொன்னாள்.

அவள் புருஷன் வீரையன் மூன்று ஏக்கர் குத்தகைக்குப் பார்த்து வந்தான். அவன் தாத்தா காலத்திலிருந்து அதே மூன்று ஏக்கர். நிலம் மிராசுதார் இளையபெருமாளுடையது. ஆட்சி மாறினதும் தோள் துண்டின் கரையை மாற்றிக்கொண்டு, மேடையில் 'உழுபவனுக்கே நிலம்' என்று பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து உழுபவனைக் கிளப்புகிற ரகம். குத்தகைப் பதிவுச் சட்டம் வந்ததும் உஷாராகி, 'வீரையன் குத்தகைக்காரனே இல்லை, என் கூலியாள்' என்று பட்டுக்கோட்டை கோர்ட்டில் வழக்குப் போட்டார். தை மாதம் பத்தாம் தேதி வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது.

"எங்க வக்கீலு இராஜாங்கம் ஐயா. பட்டுக்கோட்டையில கேட்டுப் பாருங்க, ஏழைக்கு வக்கீலுன்னா அவருதான்பாங்க. 'பயப்படாத வீரையா, தஞ்சாவூர்ல செல்லதுரைக்கு உன் கேசுக் கட்டை அனுப்பி வெச்சிட்டேன், அப்பீல் போட்டுடுவாரு'ன்னாரு. முப்பது நாள் கெடு. இவரு ஒவ்வொரு சனிக்கெழமையும் நடந்தே போயி கேட்டுட்டு வருவாரு. மாசி அஞ்சுல தஞ்சாவூர்லேர்ந்து பதில் வந்துடுச்சுன்னு வக்கீலய்யா இந்தக் காயிதத்தைக் குடுத்தாரு."

மடியிலிருந்து ஒரு அரைத்தாளை எடுத்து வைத்தாள். வியர்வையில் ஊறிக் காய்ந்து, மடிப்பில் கிழிந்திருந்தது. கபீர் படித்தார்.

'வீரையன் வழக்குக் கட்டு வரப்பெற்றது. மேல்முறையீடு உரிய நாளில் தாக்கலாகும். வழக்கறிஞர் செல்லதுரை அலுவலகம், தஞ்சை. திருவள்ளுவர் ஆண்டு 2003, மாசி 2.'

"அப்புறம்?"

"மாசி இருவத்தஞ்சுல அமீனா வந்தாரு, போலீசோட. தாளடி நெல்லு பழுத்து நின்னுச்சு. மிராசு ஆளுங்க எறங்கி அறுக்க ஆரம்பிச்சாங்க. இவரு வரப்புல நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தன்ட்டயும் இந்தக் காயிதத்தைக் காட்டுறாரு. 'அப்பீல் போயிருக்குய்யா, இந்தா எழுத்து இருக்கு'ங்கிறாரு. அமீனா வாங்கிப் படிச்சுட்டு, 'அப்பீலும் இல்ல ஒண்ணும் இல்ல, கெடு தாண்டிப் போச்சு'ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. இவரு அப்படியே வரப்புல உக்காந்தாரு. எந்திரிக்கல."

வேம்புவுக்கு வாயில் வேடிக்கை எதுவும் வரவில்லை. கபீர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த அமீனா அவர் இல்லை. ஆனால் அவராக இருந்திருக்கலாம். அது அவருக்கும் தெரியும், வேம்புவுக்கும் தெரியும்.

"வக்கீலய்யா சாவுக்கு வந்தாரு. மாலை போட்டாரு. 'நான் அனுப்பிட்டேம்மா, தஞ்சாவூர்ல அந்தக் குமாஸ்தாதான் மிராசுகிட்ட வெலை போயி கட்டை அமுக்கிட்டான்'னு சொல்லி அழுதாரு. எனக்கு அந்த ஒரு பேரு போதும்."

"தங்கச்சி," என்றார் கபீர், "கழுத்துங்கறது அப்பீல் இல்லாத கேசு. ஆள் மாறிப் போச்சுன்னா?"

அம்சவல்லி மடியிலிருந்த மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"இன்னொண்ணும் சொல்றேன். தவறு உங்க வீட்டுக்காரர் மேல இல்ல, நடுவுல ஒருத்தன் ஏமாத்திட்டான்னு காட்டினா, கெடு தாண்டின அப்பீலையும் கோர்ட் எடுத்துக்கும். மூணு ஏக்கரும் திரும்பி வரலாம். நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா யாரு உழறது?"

"நெலம் வரட்டும், வராமப் போவட்டும். செஞ்சவன் நல்லாயிருக்கக் கூடாது."

"அதுவும் ஆகும். எனக்கு நாளைக்கு விளக்கு வைக்கிற வரைக்கும் நேரம் குடுங்க. இரும்பு இங்கயே இருக்கட்டும்."

வேம்பு மிஷினில் ஒரு தாளைச் செருகி, 'கருக்கரிவாள் ஒன்று, பிடி தேய்ந்தது, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்' என்று ரசீது அடித்து நீட்டினாள். அம்சவல்லி அதை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். காகிதத்தை நம்பி ஏமாந்த வீட்டில் இன்னொரு காகிதம். வேம்புவுக்கு அதைக் கொடுத்த கை கூசியது.

செல்லதுரையின் அலுவலகம் ஊரில் பிரசித்தம். வாசலிலேயே 'இங்கு ராகு காலத்திலும் வழக்கு ஏற்கப்படும்' என்று எழுதியிருக்கும். வக்கீல் பகுத்தறிவுக் கட்சிக்காரர். கழுத்துப் பட்டை தவிர மீதியெல்லாம் கறுப்பு. அன்றைக்கு அவர் ஒரு வழக்குக்காகச் சென்னை போயிருந்தார். ஆபீஸில் குமாஸ்தா அரசப்பன் மட்டும் இருந்தார். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு. பட்டுக்கோட்டை என்ற வார்த்தையைக் கேட்டதுமே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பட்டுக்கோட்டைக் கட்டா? இங்க வந்து பாருங்க."

பின் சுவரில் ஒரு பெரிய பலகை. அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் ஊர்ப் பெயர்: பாபநாசம், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடி. வெளியூர் வக்கீல்கள் தங்கள் கட்சிக்காரரை அனுப்பிவைத்தால், அந்த ஊர் வரிசையில் முதல் ஆணியில் ஓர் அட்டை ஏறும். மனு தாக்கலானால் அட்டை இரண்டாவது ஆணிக்கு நகரும். நம்பர் விழுந்தால் மூன்று. வாய்தா, விசாரணை, தீர்ப்பு என்று கடைசி ஆணி வரை போகும். ஒவ்வொரு நகர்வுக்கும் அனுப்பின வக்கீலுக்கு இங்கிருந்து ஒரு கடிதம் போகும்.

"ஐயாவோட ஏற்பாடு," என்றார் அரசப்பன் பெருமையோடு. "அனுப்புனவன் கேக்கறதுக்கு முந்தி பதில் போயிருக்கணும்பாரு."

பட்டுக்கோட்டை வரிசையில் கடைசி ஆணியில் மட்டும் பழைய அட்டைகள் தொங்கின. முதல் ஆணி காலி.

"இராஜாங்கம் ஐயாகிட்டேர்ந்து கட்டு வந்து கார்த்திகையோட நின்னுபோச்சு. நாங்க ஏதோ மனஸ்தாபம்னு நெனச்சோம்."

"அட்டையைக் கழட்டுறது ஆணி அடிக்கறதைவிட சுலபம்," என்றாள் வேம்பு.

கபீர் அந்த அரைத்தாளை நீட்டினார். அரசப்பன் படித்தார். முகம் வெளுத்தது.

"என் எழுத்து மாதிரிதான் இருக்கு. ஆனா இது நான் எழுதலீங்க."

"திருடனும் இதையேதான் சொல்வான், அதே கொரல்ல," என்றாள் வேம்பு.

அரசப்பனின் வலது கை மெல்ல இறங்கி மேஜையின் கீழ் அறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வேம்பு அதைப் பார்த்துவிட்டாள். "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லிக்கொண்டே, அவர் தள்ளுவதற்குள் அறையை வெளியே இழுத்துவிட்டாள். மிராசுதாரின் கடிதமோ காணாமல் போன கட்டோ கிடைக்கப் போகிறது என்று நிச்சயமாக எண்ணினாள்.

உள்ளே ஒரு பஞ்சாங்கம் இருந்தது. மேலே குங்குமப் பொட்டு வேறு.

"அம்மா தாயே, சத்தம் போடாதீங்க," அரசப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயாவுக்குத் தெரிஞ்சா என் வேலை போச்சு. ஒவ்வொரு மனுவையும் ராகு காலம் கழிச்சுத்தான் கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். நடுவுல டீ குடிக்கப் போறதே அதுக்குத்தான்."

"பூனையை மடியில கட்டிக்கிட்டு சகுனம் பாக்கற ஆபீசு," என்றாள் வேம்பு. சிரித்தாலும் உள்ளுக்குள் ஏமாற்றம்தான். இந்தக் கழுத்துக்குத்தானே ஒருத்தி காத்திருக்கிறாள் என்று நினைத்தபோது சிரிப்பும் நின்றுவிட்டது.

கபீர் சிரிக்கவே இல்லை. பஞ்சாங்கத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'பரிதாபி வருஷம், சித்திரை முதல் பங்குனி வரை.' பிறகு கையிலிருந்த அரைத்தாளைப் பார்த்தார்.

"அரசப்பன், உங்க ஆபீஸ் கடிதத்துல திருவள்ளுவர் ஆண்டு போடுறீங்களே, இப்ப என்ன வருஷம்?"

"ரெண்டாயிரத்து நாலு."

"எப்பலேர்ந்து?"

"தை ஒண்ணுலேர்ந்து. அந்தக் கணக்குல வருஷம் தையிலதானுங்க பொறக்குது. நான் பழக்க தோஷத்துல அன்னிக்கே ஒரு கடிதத்துல மூணுன்னு போட்டுட்டேன். ஐயா பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி நூறு தடவை எழுதச் சொல்லிட்டாரு. நூறும் எழுதுனேன்." நகல் கோப்பைப் புரட்டிக் காட்டினார். தை, மாசி, பங்குனி என்று நாற்பது கடிதங்களுக்குக் குறையாது. ஒவ்வொன்றிலும் 2004.

வெளியே வந்ததும் வேம்பு படபடத்தாள்.

"அப்ப அந்தக் காயிதம் இந்த ஆபீஸ்ல எழுதினது இல்ல. மாசியில மூணுன்னு போட்டிருக்கான். நூறு தடவை நாலுன்னு எழுதின கை அப்படித் தப்பாது. மிராசுதான் பாய்! கட்டு பஸ்ல வர்றப்ப வழிமறிச்சுப் பிடுங்கிட்டு, பொய்ப் பதிலும் எழுதி அனுப்பிட்டான். வக்கீல் பாவம், நம்பிட்டாரு."

"இருக்கலாம்."

"இருக்கலாமா? நாளைக்கு விளக்கு வைக்கிறதுக்குள்ள பேரு சொல்லணும். இளையபெருமாள்னு சொல்லிட்டுப் போயிடுவோம். எனக்கு அதுல ஒண்ணும் வருத்தம் இல்ல."

அது விளையாட்டுக்குச் சொன்னது இல்லை. பதினைந்து வருஷமாக அவள் அடித்த காகிதங்களில் பாதி அந்த ஆளின் வகையறா போட்ட வழக்குகள். அம்சவல்லியிடம் அரிவாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊருக்குப் போகிற பஸ்ஸையும் காட்டிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை.

"கட்டு எந்தக் கையிலேர்ந்து கெளம்பிச்சோ அந்தக் கையைக் கேப்போம்," என்றார் கபீர். "இராஜாங்கம் யார்கிட்ட குடுத்தனுப்பினாரு? அது தெரியாம இளையபெருமாள் பேரும் அரசப்பன் பேரு மாதிரிதான்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு அம்சவல்லியோடு மூவரும் பட்டுக்கோட்டையில் இறங்கினார்கள். வக்கீல் வீட்டு முன்கூடத்தில் அப்போதே பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் குத்தகைக்காரர்கள். ஒருவர் தேங்காய்க் குலை கொண்டுவந்திருந்தார். இன்னொருவர் மடியில் கோழி. உள்ளறை வாசலில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்த கிழவர் அம்சவல்லியைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டார்.

"போம்மா. ஒன் துக்கத்துக்கு முந்தி எங்களுது என்ன. ஐயா இருக்காரு."

வக்கீல் இராஜாங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். நரைத்த தலை, பழுப்பேறிய சட்டை, கேட்டதுமே நம்பத் தோன்றும் குரல்.

"வா அம்சவல்லி. சாப்பிட்டியா? இவங்க யாரு?"

கபீர் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். இராஜாங்கம் அவரையும் வேம்புவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெரிய சந்தோஷம் வந்துவிட்டது.

"ரொம்ப நல்லதாப் போச்சு. அந்த அரசப்பனை விடாதீங்க. என் ஆள்கிட்ட, பஸ்ல, கையோட குடுத்தனுப்பினேன். இந்தக் கையால கட்டி அனுப்பினேன்."

"எந்த ஆளு ஐயா?"

"அப்ப இருந்தான் ஒருத்தன். இப்ப மலேயா போயிட்டான்."

வேம்பு முந்தானையின் நுனியை இழுத்து விட்டுக்கொண்டாள். மலேயா நல்ல வசதியான ஊர். கேள்வி கேட்க யாரும் பஸ் ஏறிப் போய்விட முடியாது.

"அரசப்பன்தான்னு எங்களுக்கும் தோணுது," என்றார் கபீர் பவ்யமாக. வேம்பு திரும்பிப் பார்த்தாள். "ஆனா கையும் களவுமா பிடிக்கணும். நீங்க ஒரு உதவி செய்யணும் ஐயா. இன்னொரு கேசு அனுப்பறதா செல்லதுரை ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதுங்க. அதையும் அமுக்கறானான்னு பாத்துடுவோம். அவங்க ஆபீஸ் முறைப்படியே எழுதுங்க, அப்பதான் சந்தேகம் வராது."

இராஜாங்கம் உற்சாகமாகப் பேனாவைத் திறந்தார். நாலே வரி. படித்துப் பார்த்துத் தலையசைத்து, மேலே தேதியும் போட்டு நீட்டினார்.

கபீர் வாங்கிப் பார்த்தார்.

"தேதி அவங்க முறைப்படிதானே? வருஷம் சரியா இருக்கா ஐயா?"

"ஏன்? ரெண்டாயிரத்து மூணுதானே. சித்திரை பொறக்க இன்னும் மூணு வாரம் கெடக்கே!"

கபீர் சட்டைப் பையிலிருந்து அந்த வியர்வை படிந்த அரைத்தாளை எடுத்து, புதுக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தார். 2003, மாசி 2. 2003, பங்குனி 9.

மிராசுதார் இல்லை. வழிமறித்தவன் எவனும் இல்லை. கட்டு கிளம்பவே இல்லை.

"செல்லதுரைக்கு வருஷம் தையில பொறக்குது ஐயா," என்றார் கபீர். "உங்களுக்கு சித்திரையில. கார்த்திகையில அவங்க ஆபீஸ்லேர்ந்து உங்களுக்குக் கடைசியா வந்த கடிதத்துல ரெண்டாயிரத்து மூணுன்னு இருந்திருக்கும். அதைப் பாத்து அரசப்பன் எழுத்தை எறக்கிட்டீங்க, வருஷத்தையும் எறக்கிட்டீங்க. எழுத்தை மாத்தத் தெரிஞ்ச உங்களுக்கு வருஷத்தை மாத்தத் தோணல."

"ஒரு எண்ணை மாத்திப் போட்டா அது குத்தமா? எந்தச் சட்டத்துல இருக்கு?" குரலில் கோர்ட் ஏறியது.

"குத்தமில்ல. கட்டு எங்க இருக்கு?"

"தஞ்சாவூர்ல."

"வேம்பு, வக்கீலுங்க கட்டை எரிப்பாங்களா?"

"எரிக்க மாட்டாங்க பாய். தோத்த கட்டைக்கூட சந்தனம் வெச்சுத்தான் எடுத்து வைப்பாங்க. பதினஞ்சு வருஷமா பாக்கறேன். கட்டை எரிச்சா வாக்குச் செத்துடும்னு பயம்."

இராஜாங்கத்தின் கண் தன்னையறியாமல் பக்கவாட்டில் போய்வந்தது. அங்கே சுவரோரம் ஒரு மர அலமாரி. வேம்பு போய்த் திறந்தாள். பூட்டுகூட இல்லை. ஏழைகளின் வக்கீல் வீட்டு அலமாரியை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? கீழ்த்தட்டில் பதினொரு கட்டுகள், சிவப்பு நாடா போட்டு, ஒழுங்காக அடுக்கியிருந்தன. நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது. ஒவ்வொன்றிலும் 'தஞ்சாவூருக்கு அனுப்பியது' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார்.

வேம்பு மெதுவான குரலில் பெயர்களைப் படித்தாள். வீரையன். ராசம்மாள். நெய்னா முகம்மது. வைரக்கண்ணு. இன்னும் ஏழு. பதினொரு பேருக்கும் எதிராளி ஒரே குடும்பம்தான், மிராசுதார் இளையபெருமாளும் அவர் பங்காளிகளும்.

"வேலியே பயிரை மேஞ்சிருக்கு," என்றாள். அதற்கு மேல் பேசினால் கையில் கிடைத்ததை எடுத்து அடித்துவிடுவோம் என்று வாயை மூடிக்கொண்டாள். மேஜையில் கண்ணாடிக் குண்டு ஒன்று இருந்தது, காகிதம் பறக்காமல் வைப்பது. அதன் எடை சரியாக இருக்கும் என்று அவள் கண்ணாலேயே அளந்துவிட்டாள்.

"என்ன குடுக்கறதா சொன்னாரு மிராசு?" என்றார் கபீர். "அரசாங்க வக்கீல் பதவியா?"

இராஜாங்கம் உட்கார்ந்தார். மூடியிருந்த கதவைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் பதினைந்து பேர்.

"மெதுவா பேசுங்க," என்றார். "முப்பது வருஷமா தோக்கறவன் பக்கமே நின்னு வாதாடியாச்சு. என்னோட படிச்சவனெல்லாம் ஜட்ஜ் ஆயிட்டான். ஒரு தடவையாவது ஜெயிக்கிற பக்கத்துல நிக்கணும்னு இருந்துச்சு. இளையபெருமாள் இப்ப ஆளுங்கட்சி. ஒரு வார்த்தை சொன்னா நடக்கும். ஜெயிச்சுக் குடுக்கச் சொல்லல அவரு. சும்மா இருந்தாப் போதும்னாரு. நான் சும்மாதான் இருந்தேன்."

அம்சவல்லி அலமாரியின் முன்னால் போய் நின்றாள். புருஷன் பெயர் எது என்று கேட்டு, வேம்பு காட்டினதும் அந்தக் கட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"ஒவ்வொரு சனிக்கெழமையும் வருவாரே. பன்னெண்டு கல்லு நடந்து. எங்க உக்கார வெச்சுப் பேசுவீங்க?"

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இந்த முக்காலியிலயா?"

அலமாரியிலிருந்து இரண்டு அடி தூரத்தில் ஒரு முக்காலி. உட்கார்ந்தவன் கையை நீட்டினால் கதவு தட்டுப்படும்.

"அம்சவல்லி, நான் செஞ்சது தப்புத்தான். வேணும்னா இப்பவே..."

"மாலை வேற போட்டீங்க." அவள் உள்ளங்கை கட்டின் மேலேயே இருந்தது. "பாய், நேத்து நான் உங்ககிட்ட பேரு கேட்டேன். பேரு தெரிஞ்சுபோச்சு. ஆனா இவரை வெட்டுனா என்னா ஆவும்? ஏழைக்காக செத்த வக்கீலுன்னு ஊரெல்லாம் கொடி கட்டுவாங்க. செலை வெச்சாலும் வெப்பாங்க. எனக்கு அது ஆவாது. இவரு உசுரோட வேணும்."

திரும்பி இராஜாங்கத்தைப் பார்த்தாள்.

"எந்திரிங்க ஐயா. தஞ்சாவூருக்கு அனுப்பிட்டேன் அனுப்பிட்டேன்னு சொன்னீங்கல்ல? பதினொண்ணையும் நீங்களே தூக்கிட்டு வாங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து. தஞ்சாவூர்ல அந்தச் செல்லதுரை வக்கீல் முன்னால வெச்சு, நான்தான் அமுக்குனேன்னு உங்க கையால எழுதிக் குடுங்க. ரெண்டாயிரத்து நாலுன்னு போட்டு எழுதுங்க. மாட்டேன்னா இந்தக் கதவைத் திறந்து வெளில உக்காந்திருக்கவங்களக் கூப்புடுறேன். அவங்க படிக்க மாட்டாங்க. ஆனா வேம்பக்கா நல்லா சத்தமாப் படிக்கும்."

"சந்தோசமாப் படிப்பேன்," என்றாள் வேம்பு.

கூடத்தில் கோழி கொக்கரித்தது. யாரோ அதை அதட்டினார்கள். கபீர் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார், அமீனாவாக எத்தனையோ வாசலில் நின்ற அதே நிலையில். இராஜாங்கம் எழுந்தார். கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து இடது கையில் அடுக்கினார். கழுத்து வரை வந்தது. மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷமாக யாரோ தூக்கிக்கொண்டு பின்னால் வருவார்கள். கட்டின் கனம் இப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கபீர் கதவைத் திறந்தார். கூடத்தில் இருந்த பதினைந்து பேரும் எழுந்து நின்றார்கள். ஒன்றிரண்டு கைகள் தாமாகக் குவிந்தன. முதல் ஆளாக உட்கார்ந்திருந்த கிழவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னங்கய்யா இது, நீங்க போயி செமந்துக்கிட்டு! குடுங்க, நான் தூக்கியாறேன்."

"வேணாம் அண்ணே," என்றாள் அம்சவல்லி. "ஐயாவே தூக்கட்டும். உங்க பேரு என்ன?"

"வைரக்கண்ணு. கரம்பயத்துப் பக்கம்."

"அடியிலேர்ந்து நாலாவதா இருக்கு பாருங்க, அது உங்களுது."

இராஜாங்கம் அவளைத் திரும்பிப் பார்த்தார். கதவைத் திறந்து கூப்பிட மாட்டேன் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். திறந்த கதவுக்கு வெளியே வந்தபின் பேசமாட்டேன் என்று சொல்லவே இல்லை. முப்பது வருஷம் வார்த்தைகளால் பிழைத்த மனிதர், எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி பேசிய நிபந்தனையைச் சரியாகப் படிக்கவில்லை.

வைரக்கண்ணு அந்தக் கட்டையே பார்த்தார். சிவப்பு நாடாவைத் தொட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பழைய வரி ரசீதை அடையாளம் தெரிந்தது. தன் வீட்டுக் கூரையில் செருகி வைத்திருந்த ரசீது அது. மற்றவர்களும் நெருங்கி வந்தார்கள். கோழி வைத்திருந்தவர் அதைக் கீழே விட்டுவிட்டார்.

"கார்த்திகையிலயே தஞ்சாவூர் போயி நம்பர் விழுந்துடுச்சுன்னீங்களே ஐயா?" வைரக்கண்ணுவின் குரலில் கோபம் இன்னும் வரவில்லை. புரியாமைதான் இருந்தது. "நான் போயி விதை நெல்லுகூட ஊறப் போட்டுட்டேனே?"

இராஜாங்கம் மோவாயில் கட்டோடு நின்றார். இந்தக் கேள்விக்கு வாய்தா கேட்க அங்கே நீதிபதி யாரும் இல்லை.

"சொல்லுங்க ஐயா," என்றாள் அம்சவல்லி. "அண்ணன் கேக்குறாருல்ல."